டிரம்பெட் யாருடையது? ராணுவ பேண்டின் சம்பளக் கணக்கு

இந்த எபிசோடுக்குக் காரணம் வடகவுஞ்சியில் இருந்து வந்த ஒரு மெயில். கொடைக்கானலுக்கு வத்தலகுண்டு வழியா மட்டும் போனவங்களுக்கு இந்த ஊர் தெரிந்திருக்காது. பழனியில் இருந்து கொடைக்கானல் ஏறும் பாதையில் இருக்கிற மலைக்கிராமம். எழுதிய தம்பிக்கு வயது 19. பெரியப்பாவின் பேண்டு செட்டில் டிரம்பெட் வாசிக்கிறார். முகூர்த்த மாதங்களில் பழனி, ஒட்டன்சத்திரம் பக்கம் கல்யாண ஊர்வலம், திருவிழா. மற்ற நாட்களில் காபித் தோட்டத்தில் வேலை. விமானப்படையில் இசைக் கலைஞர்களை எடுக்கிறாங்கன்னு யாரோ சொல்லியிருக்காங்க. அவர் கேட்டது மூணே கேள்வி. "அண்ணா, சம்பளம் எவ்வளவு வரும்? டிரம்பெட் அவங்களே குடுப்பாங்களா? ஏன்னா இப்ப நான் வாசிக்கிறது பெரியப்பாவோடது. நாலு வருஷம் முடிஞ்சா என்ன ஆகும்?"

நேரடியா பதில் சொல்லி ஐந்து நிமிடத்தில் முடித்திருக்கலாம். ஆனா தேடத் தேட ஒரு விஷயம் தெரிந்தது. சம்பளம், கருவி, அதுக்கப்புறம் என்ன என்ற இந்த மூன்று கேள்வியும் மெட்ராஸ் மாகாணத்தில் 200 வருடத்துக்கும் மேல் பழசு. ராணுவத்துக்கு இசை வேணும் என்பதில் யாருக்கும் எப்போதும் சந்தேகம் இருந்ததில்லை. அதை வாசிக்கிறவன் சிப்பாயா, வேலையாளா, அலங்காரமா என்பதில்தான் குழப்பம். அந்தக் குழப்பத்தின் விலையை ஒவ்வொரு தலைமுறையிலும் வாசிக்கிறவன்தான் கட்டியிருக்கிறான். இன்றைக்கு அந்தக் கதை.

முரசு அரசுக் கணக்கு, பேண்டு அதிகாரிகள் கணக்கு

முதலில் ஒரு வித்தியாசத்தைப் புரிஞ்சுக்கணும். 18-ஆம் நூற்றாண்டுப் படையில் முரசும் குழலும் பொழுதுபோக்கு கிடையாது. வயர்லெஸ் இல்லாத காலம். எழுந்திரு, அணிவகு, முன்னேறு, பின்வாங்கு என்று நூற்றுக்கணக்கான பேருக்கு ஒரே நேரத்தில் உத்தரவு போகணும்னா அது முரசு வழியாத்தான் போகும். நம்ம பாஷையில் சொன்னா அது இன்ஃப்ராஸ்ட்ரக்சர். அதனால் முரசடிப்பவரும் குழல் ஊதுபவரும் படையின் அதிகாரபூர்வப் பட்டியலில் இருந்தார்கள். கம்பெனியின் கஜானாவில் இருந்து மாதச் சம்பளம் வந்தது.

கிளாரினெட், ஹார்ன், பசூன் எல்லாம் சேர்ந்த பேண்டு வேற கதை. அது அதிகாரிகளின் விருந்துக்கும் அணிவகுப்பின் அழகுக்கும் வைத்துக்கொண்டது. பிரிட்டிஷ் படைப்பிரிவுகளில் இதன் செலவில் பெரும்பகுதியை அதிகாரிகளே சந்தா போட்டுக் கட்டினார்கள். ஒருவர் ரெஜிமென்ட்டில் சேரும்போதும் பதவி உயரும்போதும் பேண்டு நிதிக்குப் பணம் தரணும். கருவிகளும், சிப்பாயின் சீருடையை விடப் பகட்டான பேண்டு உடுப்பும் அந்தப் பணத்தில்தான் வாங்கப்பட்டன. இன்றைக்கு நம்ம ஊர் பேண்டு செட்டில் தோளில் குஞ்சம் தொங்கும் சிவப்புக் கோட்டு போடுறாங்க இல்லையா, அதன் பூர்வீகம் இந்த உடுப்புதான்.

இதனால் என்ன ஆச்சு? முரசுக்காரர் பேரோலில் இருக்கிறார். பேண்டு மாஸ்டர் பெரும்பாலும் வெளியில் இருந்து வந்த கான்ட்ராக்ட் ஆள். ஜெர்மனியில் இருந்தோ இத்தாலியில் இருந்தோ நல்ல சம்பளம் பேசிக் கூட்டிவருவார்கள். ராணுவ ஒப்பந்தம் அவரைக் கட்டாது, சண்டை வந்தால் வேலையை விட்டுப் போகலாம். அவருக்குக் கீழே வாசிக்கிறவர்கள் கணக்கில் சாதாரணச் சிப்பாய்கள். சிப்பாய்க்கு என்ன சம்பளமோ அதுதான் அடிப்படை. மேலே ஏதாவது கிடைத்தால் அது அதிகாரிகளின் தயவு. இந்தியக் காலாட்படைச் சிப்பாயின் சம்பளம் 19-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் மாதம் 7 ரூபாய். 1895-இல்தான் அது 9 ரூபாய் ஆனது. தலைமுறை தலைமுறையாக ஹைக்கே இல்லாத வேலையை யோசிச்சுப் பாருங்க.

யார் வாசிக்கலாம்?

இப்போ கொஞ்சம் கசப்பான பகுதி. முரசு யார் கையில் கொடுக்கப்பட்டது?

சென்னை எழும்பூரில் ராணுவ ஆண் அநாதைப் பள்ளி ஒன்று இருந்தது. 1789-இல் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் அதன் பொறுப்புக்கு வந்தார். மூத்த மாணவன் இளைய மாணவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையை அங்கே உருவாக்கினார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்து வரைக்கும் போனது. கல்வி வரலாறு படித்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். அதிகம் பேசப்படாதது அந்தப் பையன்கள் யார் என்பது. பெரும்பாலும் ஐரோப்பியச் சிப்பாய்க்கும் இந்தியப் பெண்ணுக்கும் பிறந்தவர்கள்.

1791-இல் கிழக்கிந்தியக் கம்பெனி இந்தியத் தாய் அல்லது தந்தைக்குப் பிறந்தவர்களைத் தன் உயர் பணிகளில் சேர்க்கக் கூடாது என்று முடிவெடுத்தது. 1795-இல் இன்னும் ஒரு படி. தாய் தந்தை இருவருமே ஐரோப்பியராக இல்லாதவர்கள் படையில் நான்கு வேலைகளுக்கு மட்டுமே தகுதியானவர்கள்: குழல் ஊதலாம், முரசு அடிக்கலாம், பேண்டில் வாசிக்கலாம், குதிரைக்கு லாடம் கட்டலாம். அவ்வளவுதான்.

இதை நான் முதலில் படித்தபோது லிஸ்டை இரண்டு தடவை பார்த்தேன். நாலில் மூணு வேலை இசை. அப்பா அதிகாரியாகவே இருந்தாலும் மகனுக்கு வாள் கிடையாது, முரசு உண்டு. படைக்கு இசை அவசியம், ஆனா அந்த வேலைக்கு அதிகாரம் கிடையாது, ஆகவே அதிகாரம் தர விரும்பாதவர்களை அங்கே வைக்கலாம் என்ற கணக்கு. மெட்ராஸ் படையில் இந்தக் கலப்பினப் பையன்களுடன் உள்ளூர்க் கிறிஸ்தவர்களும் முரசுக்காரர்களாகச் சேர்ந்தார்கள்.

வெள்ளைக்காரனை மட்டும் குறை சொல்லிட்டு நகர முடியாது. தோல் வாத்தியத்தைத் தொட்டவரை இழிவாகவும், அந்த வாத்தியம் இல்லாத திருவிழாவை அபசகுனமாகவும் பார்த்த ஊர்தான் நம்ம ஊர். இசை வேணும், இசைக்கிறவன் வாசலுக்கு வெளியே நிக்கணும். இந்த மனசு இரண்டு பக்கமும் இருந்தது. ஒரு வித்தியாசம், படையில் அதுக்கு மாதச் சம்பளமும் சீருடையும் இருந்தது. ஊரில் தெருமுனையில் நிறுத்தப்பட்டவருக்கு அது சின்ன விஷயம் இல்லை.

ஒரே பாட்டு, பல சுருதி

பேண்டை அதிகாரிகளின் சொந்தச் செலவில் விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு 1854-இல் ஒரு பிரபலமான உதாரணம். கிரிமியப் போர் சமயம். துருக்கியின் ஸ்குடாரியில் விக்டோரியா ராணியின் பிறந்தநாள் அணிவகுப்பு. பிரிட்டிஷ் பேண்டுகள் எல்லாம் சேர்ந்து தேசிய கீதத்தை வாசிக்கணும். ஒவ்வொரு ரெஜிமென்ட்டும் தன் காசில், தன் பேண்டு மாஸ்டர் விருப்பப்படி கருவி வாங்கி, இசையமைப்பும் தனித்தனியா வைத்திருந்தது. ஆளுக்கொரு சுருதியில் வாசிக்க, நட்பு நாட்டு அதிகாரிகள் முன்னால் மானம் போனது என்று சொல்வார்கள். ஸ்டாண்டர்டே இல்லாமல் பத்து டீம் எழுதின கோடை டெமோ அன்றைக்குக் காலையில் மெர்ஜ் பண்ணின மாதிரி.

இதையெல்லாம் பார்த்த கேம்பிரிட்ஜ் கோமகன் 1857-இல் லண்டனுக்கு அருகே நெல்லர் ஹாலில் ராணுவ இசைப் பள்ளியைத் தொடங்கினார். வெளியாட்களை நம்பாமல் சிப்பாய்களிலேயே பேண்டு மாஸ்டர்களை உருவாக்குவது நோக்கம். இசைக் கலைஞன் பயிற்சி பெற்ற தொழில்காரன், அவனுக்குப் படிப்பும் பதவி உயர்வும் வேணும் என்று அந்த ராணுவம் ஒத்துக்கொண்டதன் தொடக்கம் இதுதான்.

கருவி விஷயத்தில் பிரான்ஸ் முன்னாடியே யோசித்தது. 1845-இல் பாரிஸின் ஷாம் த மார்ஸ் மைதானத்தில் இரண்டு ராணுவ பேண்டுகளுக்கு இடையே பகிரங்கப் போட்டி. ஒன்று பழைய கருவிகளுடன், மற்றொன்று அடால்ஃப் சாக்ஸ் என்ற பெல்ஜியக்காரர் செய்த புதுக் கருவிகளுடன். சாக்ஸ் ஜெயித்தார், ராணுவ ஆர்டர் அவருக்கு வந்தது. அடுத்த வருடம் சாக்ஸபோனுக்குக் காப்புரிமை வாங்கினார். இன்றைக்கு ஜாஸ் வாத்தியம் என்று நாம் நினைக்கிற சாக்ஸபோன் ராணுவ டெண்டரில் வளர்ந்த பிள்ளை.

படையை விட்டு வெளியே போனது எது?

ரெஜிமென்ட்டின் கருவி ரெஜிமென்ட்டுக்குத்தான் சொந்தம். வாசித்தவர் விலகும்போது அதைத் திருப்பிக் கொடுத்துட்டு வெறுங்கையோடதான் வெளியே வரணும். ஆனா கையில் இருக்கிற வித்தையை யாரும் திருப்பிக் கேட்க முடியாது. தென்னிந்திய இசையில் அந்த வித்தை செய்த வேலையைப் பாருங்க.

சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் ஐரோப்பிய பேண்டு வாசித்ததைக் கேட்டவர்களில் முத்துசுவாமி தீட்சிதரும் ஒருவர். அந்த மெட்டுகளில் அவர் செய்த நோட்டுஸ்வர சாகித்தியங்கள் சுமார் 40. இங்கிலாந்தின் தேசிய கீத மெட்டிலேயே ஒரு சமஸ்கிருதப் பாடல் உண்டு. அவர் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்று அதைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தார். தஞ்சாவூரில் 1798-இல் அரியணை ஏறிய இரண்டாம் சரபோஜி அரண்மனையிலேயே மேற்கத்திய பேண்டு வைத்திருந்தார். அந்தச் சூழலில் மகாதேவ நட்டுவனார் கிளாரினெட்டைச் சதிர்க் கச்சேரிக்குள் கொண்டுவந்தார் என்பது வழிவழியாக வரும் செய்தி. பேண்டு வாத்தியமாக வந்த அதே கிளாரினெட்டில் கச்சேரி செய்த திருச்சி ஏ.கே.சி. நடராஜனுக்கு 2022-இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

சாக்ஸபோனும் இப்படித்தான். மைசூர் அரண்மனை பேண்டில் அதைக் கேட்டு மயங்கிய சிறுவன் கத்ரி கோபால்நாத். 1994-இல் வந்த 'டூயட்' படத்தில் நாம் கேட்டது அவருடைய சாக்ஸபோன்.

இன்னொரு உதாரணம் மீரட்டில். நாதிர் அலி என்பவர் பிரிட்டிஷ் இந்தியப் படையில் பேண்டு தலைவராக இருந்தவர். 1885-இல் உறவினர் ஒருவருடன் சேர்ந்து இசைக்கருவி வியாபாரம் தொடங்கினார். முதலில் இறக்குமதி, பிறகு சொந்தத் தயாரிப்பு. இன்றைக்கு மீரட்டின் ஜலி கோட்டி பகுதி நாட்டின் பேண்டு செட்டுகளுக்குப் பித்தளைக் கருவி செய்யும் மையம். படையில் கருவியைத் தனக்கென்று வைத்துக்கொள்ள முடியாத ஒருவர், வெளியே வந்து ஊருக்கே கருவி செய்யும் தொழிலைத் தொடங்கினார்.

ஆனா இந்தக் கதைகளில் ஒரு ஏமாற்று இருக்கு. ஜெயித்தவர்களின் பெயர்தான் நமக்குக் கிடைக்குது. 1923-க்கும் 1928-க்கும் நடுவில் சிக்கனத்தின் பெயரில் மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் பட்டாலியன்கள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன. தென்னிந்தியர்கள் 'போர்க்குணம்' இல்லாதவர்கள் என்ற ஆங்கிலேய ராணுவத்தின் நினைப்பும் பின்னால் இருந்தது. பட்டாலியன் கலைந்தால் அதன் பேண்டும் கலையும். நாதிர் அலி ஆகாதவர்களுக்கு மிஞ்சியது கல்யாண ஊர்வலம்.

பச்மடியும் ஓய்வூதியமும்

சுதந்திரத்துக்குப் பிறகு, ராணுவத்தின் முதல் இந்தியத் தலைமைத் தளபதி கே.எம். கரியப்பாவின் முயற்சியில், 1950-இல் மத்தியப் பிரதேசத்தின் பச்மடியில் ராணுவ இசைப் பிரிவு தொடங்கப்பட்டது. நெல்லர் ஹாலின் இந்திய வடிவம். ரெஜிமென்ட்டுகளில் இருந்து வரும் பேண்டு வீரர்கள் அங்கேதான் நொட்டேஷன் படிக்கிறார்கள், பேண்டு மாஸ்டர் ஆகிறார்கள். மறுபடி உருவான மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் மையம் குன்னூர் பக்கம் வெலிங்டனில் இருக்கு.

இந்த அமைப்பில் பேண்டு வீரர் முழுச் சிப்பாய். அடிப்படைப் போர்ப் பயிற்சி உண்டு. போர் வந்தால் கருவியை வைத்துவிட்டு ஸ்ட்ரெச்சர் தூக்கிக் காயம்பட்டவர்களைக் கொண்டுவரணும். அதுக்குப் பதிலாகச் சிப்பாய்க்கு உள்ள எல்லாமே அவருக்கும் உண்டு: சம்பளம், படிகள், ராணுவ மருத்துவமனை, கேன்டீன், 15 வருடம் முடித்தால் வாழ்நாள் ஓய்வூதியம். ஏழாவது ஊதியக் குழுவில் சிப்பாயின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 21,700 ரூபாய், மேலே ராணுவப் பணி ஊதியம் 5,200, அதன் மேல் அகவிலைப்படி. 1795-இல் இருந்து பார்த்தால் இது பெரிய தூரம். இசைக்கிறவன் சிப்பாயா என்ற கேள்விக்கு 'ஆமாம்' என்று பதில் எழுதப்பட்டது இங்கேதான்.

இப்போதைய ஆஃபர் லெட்டர்

2022 ஜூன் 14 அன்று அக்னிபத் திட்டம் அறிவிக்கப்பட்டது. தம்பி கேட்ட வேலை அதற்குள் வருகிறது: 'அக்னிவீர்வாயு (மியூசிஷியன்)'. 2024 ஜூலையில் கான்பூரிலும் பெங்களூருவிலும் இதற்கு ஆள்சேர்ப்பு நடந்தது. பத்தாம் வகுப்பு தேர்ச்சி, 17½-இல் இருந்து 21 வயது, திருமணம் ஆகியிருக்கக் கூடாது, நான்கு வருடமும் ஆகக் கூடாது. ஆண்கள் 1.6 கிலோமீட்டரை 7 நிமிடத்தில் ஓடணும்.

வாசிப்புத் தேர்வில் தாளமும் சுருதியும் பிசகாமல் ஒரு பாட்டை முழுதாக வாசிக்கணும். கருவியைத் தானே சுருதி சேர்க்கணும். ஏதாவது ஒரு நொட்டேஷன் தெரியணும். ஸ்டாஃப் நொட்டேஷன்தான்னு இல்லை, கர்நாடக சங்கீத முறையும் செல்லும். கேள்வி ஞானத்தில் மட்டும் வாசிக்கிற பேண்டு செட் ஆட்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். தம்பி, இப்பவே படிக்கத் தொடங்கிடுங்க. தேர்வுக்குக் கருவி நீங்க கொண்டுபோகணும், அதனால் பெரியப்பாகிட்ட இன்னொரு தடவை கேட்டு வைங்க. வேலையில் சேர்ந்த பிறகு வாசிக்கிற கருவி படையுடையது.

சம்பளம். முதல் வருடம் மாதம் 30,000 என்பார்கள். அது நம்ம சிடிசி மாதிரி. கையில் வருவது 21,000, மீதி 9,000 சேவா நிதிக்குப் போகும். இரண்டாம் வருடம் 33,000. மூன்றாவது 36,500. நான்காவது 40,000, அதில் கையில் 28,000. நான்கு வருடத்தில் நீங்கள் போடுவது 5.02 லட்சம், அரசு போடுவது அதே அளவு. மொத்தம் 10.04 லட்சமும் வட்டியும், வரி இல்லாமல் கிடைக்கும். 48 லட்சத்துக்கு ஆயுள் காப்பீடு, பிரீமியம் நீங்க கட்ட வேண்டியதில்லை. வருடம் 30 நாள் விடுப்பு. ஆனா அகவிலைப்படி, ராணுவப் பணி ஊதியம், பணிக்கொடை, ஓய்வூதியம் எதுவும் கிடையாது. நான்கு வருடம் முடிந்தால் அதிகபட்சம் 25 சதவீதம் பேரை நிரந்தரமாக்குவார்கள். மற்றவர்களுக்குத் திறன் சான்றிதழ் உண்டு, மத்திய ஆயுதப் போலீஸ் படைகளில் ஒதுக்கீடும் உண்டு. அந்தப் படைகளிலும் பேண்டு இருக்கு என்பதை மறக்காதீங்க.

ஒப்பிட ஒரு உதாரணம். அமெரிக்க மரீன் பேண்டும் 1798-இல், சரபோஜி அரியணை ஏறிய அதே வருடத்தில், முரசும் குழலும் வாசிக்கிற 32 பேருடன் தொடங்கியது. இன்றைக்கு அதில் தேர்வாகிறவருக்குப் போர்ப் பயிற்சி முகாம் கிடையாது, சேரும்போதே ஸ்டாஃப் சார்ஜென்ட் பதவி. பல வருடம் படித்து வந்த வாசிப்பையே தகுதியாக எடுத்து, அதற்கேற்ற படியில் உட்கார வைக்கிறார்கள். எல்லா நாடும் அப்படிச் செய்ய முடியாது. ஆனா வித்தைக்கு விலை போட முடியும் என்பதற்கு அது சாட்சி.

என் கருத்தைச் சொல்லணும்னா, மலைக்கிராமத்தில் பருவ வேலையை நம்பி இருக்கிற 19 வயசுக்காரருக்கு இது நல்ல வாய்ப்பு, தயங்காமல் முயற்சி பண்ணலாம். ஆனா இதை அரசு வேலை என்று நினைத்துப் போகக் கூடாது. உதவித்தொகையோடு கிடைக்கிற நான்கு வருட இசைப் படிப்பு என்று நினைத்துப் போகணும். 10 லட்சத்தில் வீடு கட்டுவதற்கு முன்னால், திரும்பி வரும்போது என்ன தெரிந்திருக்கும் என்று யோசிக்கணும். நொட்டேஷன், இசைக்கோப்பு, இன்னொரு வாத்தியம், கருவி ரிப்பேர், இதெல்லாம் யாரும் திருப்பி வாங்க முடியாத சொத்து.

அரசிடம் கேட்க எனக்கு ஒன்று இருக்கு. நான்கு வருடம் தேசத்துக்காக ஊதிய ஒருவர் வெளியே போகும்போது சான்றிதழோடு அவர் வாசித்த கருவியையும் கொடுத்து அனுப்பலாம். ஒரு ராணுவத்தின் பட்ஜெட்டில் டிரம்பெட் எத்தனை காசு? 200 வருடமா திருப்பிக் கொடுத்துட்டுத்தான் போறாங்க. ஒரு தலைமுறையாவது சொந்தக் கருவியோட ஊர் திரும்பட்டும்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.